இரண்டாம் மணிக்கு அசையாதவள்

எங்க புனித அகத்தம்மாள் ஸ்கூல்ல இடைவேளை முடியறப்ப ரெண்டு மணி அடிப்பாங்க, மத்த ஸ்கூல் மாதிரி ஒண்ணு அடிச்சு விட்டுட மாட்டாங்க. முதல் மணி கேட்டா எங்க எப்படி இருக்கியோ அங்க அப்படியே நிக்கணும், ரெண்டாவது மணி கேட்டா வரிசைக்கு நடக்கணும், ஓடக் கூடாது. குழாயடியில கை நீட்டினவ கையில தண்ணி பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருக்கும், நொண்டி ஆடினவ ஒத்தக்கால்லயே நிப்பா, மாங்காக் கீத்தைக் கடிச்சவ பல்லு பதிஞ்சது பதிஞ்சபடி கண்ணு கலங்க நிப்பா. திருச்சி பாலக்கரை ரோட்டுல போறவங்க சைக்கிளை நிறுத்திட்டு கேட்டுக் கம்பி வழியா எட்டிப் பாப்பாங்க. கப்பல்ல வந்த வெள்ளைக்கார மதருங்க கொண்டுவந்த பழக்கம்னு சொல்வாங்க. அந்த மதருங்க காலரா வந்த வருஷம் முதல் கட்டடத்தைக் கட்டினாங்க, பஞ்சம் வந்த வருஷம் கோயிலைக் கட்டினாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா கல்லறைக்குப் போயிச் சேந்தாங்க. நம்மூர் சிஸ்டருங்க வந்தாங்க, ஓடு போயி தளம் வந்துச்சு, பாவாடை தாவணி போயி சுடிதார் வந்துச்சு, அந்த ரெண்டு மணி மட்டும் மாறவே இல்ல. பொண்ணு பாக்க வர்றவங்க அகத்தம்மாள்ல படிச்ச பொண்ணுன்னா வேற ஒண்ணும் விசாரிக்க மாட்டாங்க, சொன்னா சொன்ன இடத்துல நிப்பான்னு ஒரு நம்பிக்கை. என்னைக் கட்டினவர் அப்படி நம்பி ஏமாந்தவர்தான்.

என் பேரு செண்பகா. அங்கயே படிச்சு அங்கயே கணக்கு டீச்சரா ஆனவ. நெத்தியில திருநீறு வைக்கிற குடும்பம், ஆனா தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அருள் நிறைந்த மரியே ஜெபத்தை நிறுத்தாம சொல்லுவேன். தெக்ளா என் பெஞ்சு. எட்டாவதுல எனக்கு இடது பக்கம் அவ, வலது பக்கம் ஜன்னல்.

தெக்ளாவுக்கு அப்பா இல்ல, சிஸ்டருங்க இரக்கப்பட்டு ஃபீஸ் வாங்காமச் சேத்துக்கிட்டிருந்தாங்க. அவங்கம்மா பேரு ஜெபமாலை, வரகனேரியில ஒரு வைரப் பட்டறையில செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுற வேலை பாத்தாங்க. தெக்ளாம்மான்னுதான் நாங்க எல்லாரும் கூப்பிடுவோம். மத்தியானம் ஆனா தூக்குவாளியில சுடுசோறு கொண்டாந்து, வாதாமரத்தடியில மகளை உக்கார வச்சு, அவ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பாத்துட்டுப் போவாங்க. அந்தப் பொண்ணுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. வீட்டுல கோவம் வந்தா கத்த மாட்டா, அழ மாட்டா, அடுப்படி மூலையில போயி நின்னுக்குவா, அவ்வளவுதான். அவங்கம்மா போயி, 'சரிடி, அம்மா தப்புதான், வா'ன்னு சொல்ற வரைக்கும் அந்த மூலையை விட்டு வரமாட்டா. எங்கிட்ட தெக்ளாம்மாவே இதைச் சொல்லிச் சிரிச்சிருக்காங்க.

எட்டாவதுல ஒரு நாள் மத்தியானம், முதல் மணி அடிச்சாச்சு. ஸ்கூல் மொத்தமும் நின்னுடுச்சு. அந்த நேரம் பாத்து ஒரு காக்கா வந்து, ஆறாவது படிக்கிற ஒரு பிள்ளையோட டிபன் பாக்ஸ்ல இருந்து அவிச்ச முட்டையைத் தூக்கிட்டுப் போச்சு. அந்தப் பிள்ளை அசைய முடியாம கண்ணை உருட்டிப் பாத்துக்கிட்டு நிக்குது. யாரோ களுக்குன்னு சிரிச்சுட்டாங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, நான் இல்ல, முதல்லயே சொல்லிடறேன். தெக்ளாவும் இல்ல. என் முழங்கை அவ தோள்ல இருந்துச்சு, அவ உடம்பு ஒரு துளி குலுங்கல.

ஆனா ஹெட்மிஸ்ட்ரஸ் மதர் செலஸ்தீன் நேரா அவளைத்தான் பாத்தாங்க. செலஸ்தீன் மதர் வராண்டாவுல நடந்து வந்தா புறா கூட வழி விட்டு உக்காரும். ரெண்டாவது மணியை அடிச்சு எங்களை எல்லாம் வரிசைக்கு அனுப்பிட்டு, அவளை மட்டும் வாதாமரத்தடியில நிறுத்தினாங்க.

"நான் அசையல மதர்"ன்னா தெக்ளா.

"பொய் வேற சொல்றியா? நான் போகச் சொல்ற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது."

அந்த நேரத்துக்குத்தான் தெக்ளாம்மா தூக்குவாளியோட வந்தாங்க, அன்னிக்குப் பட்டறையில வேலை ஜாஸ்தி, கொஞ்சம் லேட். விஷயத்தைக் கேட்டாங்க. கேட்டுட்டு, நம்ம ஊர்ல எல்லாத் தாய்மாரும் எல்லா டீச்சருங்ககிட்டயும் என்ன சொல்வாங்களோ, அதையேதான் அவங்களும் சிரிச்ச முகமா சொன்னாங்க. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க மதர், நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். நல்லா நிக்கட்டும், அப்பதான் இவளுக்குப் புத்தி வரும்."

"அம்மா, நான் அசையலம்மா"ன்னா தெக்ளா.

"வாயை மூடு. மதர் பொய்யா சொல்வாங்க?"

தெக்ளா வாயை மூடினா. தெக்ளாம்மா சோத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டு கேட்டைத் தாண்டிப் போனாங்க. எங்கம்மாவும் முந்தின வாரம்தான் அதே மரத்தடியில நின்னு, என் கணக்கு மிஸ்கிட்ட, 'இது எதுக்கும் லாயக்கில்லாத ஜென்மம் மிஸ், நல்லா நாலு போடுங்க'ன்னு சொல்லிட்டுப் போயிருந்தாங்க. அதெல்லாம் மரியாதைக்குச் சொல்ற வார்த்தைன்னு எல்லாருக்கும் தெரியும்.

சாயங்காலம் ஸ்கூல் விட்டுப் போறப்பவும் தெக்ளா நின்னுக்கிட்டிருந்தா. அன்னிக்குன்னு பாத்து செலஸ்தீன் மதருக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கு. சிஸ்டருங்களுக்கு மாற்றல்னா அப்படித்தான், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஜெபப் புஸ்தகம், மறுபேச்சு கிடையாது. சாயங்கால ரயிலுக்கே போயிட்டாங்க, அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கு. மறுநாள் காலையில நாங்க வந்தா தெக்ளா அதே மரத்தடியில, அதே ரெட்டைச் சடையோட, ஒரு கை லேசா முன்னால நீட்டினாப்புல நிக்கிறா. விடிய விடிய அவங்கம்மா பக்கத்துலயே உக்காந்திருக்காங்க.

தூக்கிப் பாத்தாங்க. பொன்மலை ஒர்க்‌ஷாப்ல ரயில் இஞ்சின் தூக்கற ஆளுங்க நாலு பேரு வந்து தூக்கினாங்க, அவ வரல. உடம்பு சூடாத்தான் இருந்துச்சு, மூக்குக்குக் கீழ கண்ணாடி பிடிச்சா ஆவி படிஞ்சுது. டாக்டர் வந்து நாடி பிடிச்சு, நாடி நல்லாத்தான் இருக்கு, ஆனா அடுத்த துடிப்பு எப்ப வரும்னு சொல்ல முடியலைன்னுட்டுப் போயிட்டாரு. புது ஹெட்மிஸ்ட்ரஸ் ரெஜினால்டா சிஸ்டர் வந்து, "தெக்ளா, நான் சொல்றேன், நீ போகலாம்"னாங்க. அவ நகரல. அப்பதான் எல்லாருக்கும் விளங்குச்சு. யாரு நிக்கச் சொன்னாங்களோ அவங்க போகச் சொல்லாம இந்தப் பிள்ளை போகாது. ரெஜினால்டா சிஸ்டர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "என்ன ஒரு கீழ்ப்படிதல்!"னாங்க.

அந்த வார்த்தையில ஆரம்பிச்சதுதான் எல்லாம். சபைத் தலைமைக்கு எழுதினாங்க, மாற்றலாகிப் போன ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் பழைய ஸ்கூல் மேல அதிகாரம் இல்லைன்னு பதில் வந்துச்சு, அத்தோட யாரும் மேல கேக்கல. மழைக்கு அவ தலை மேல ஒரு தகரம் போட்டாங்க, அடுத்த வருஷம் தகரத்தை எடுத்துட்டு ஓடு போட்டாங்க. புது மூணு மாடிக் கட்டடம் அந்த இடத்துல வரவேண்டியது, வரைபடத்தையே மாத்தி அவளைச் சுத்தி வளைச்சுக் கட்டினாங்க, அதனாலதான் எங்க ஒன்பதாம் வகுப்பு இன்னிக்கும் முக்கோணமா இருக்கு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி இந்தப் பொண்ணு எந்த வகுப்புன்னு கேக்க, எட்டாவதுதான் சார், நிரந்தரமா எட்டாவதுன்னு சொன்னாங்க, அவரும் சரின்னு டீ குடிச்சுட்டுப் போனாரு. அடங்காத பொண்ணுங்களை உறையூர்ல இருந்தும் லால்குடியில இருந்தும் கூட்டிட்டு வந்து அவ நீட்டின கையைத் தொட வச்சாங்க, தொட்ட பொண்ணுங்க வீட்டுக்குப் போயி பேச்சே இல்லாம இருந்தாங்கன்னு தாய்மாருங்க சந்தோஷமா மெழுகுதிரி கொண்டாந்து ஏத்தினாங்க. வருஷா வருஷம் கீழ்ப்படிதல் நாள் வந்துச்சு. அட்மிஷனுக்கு வரிசை ரவுண்டானா வரைக்கும் நின்னுச்சு.

அவ வளரல. நாங்க வளந்தோம், தாவணி போட்டோம், கல்யாணம் கட்டினோம், நான் டீச்சராத் திரும்பி வந்தேன், அவ அதே ரெட்டைச் சடை. எனக்கு ஒரு விஷயம் மட்டும் கடைசி வரைக்கும் பழகவே இல்ல. முதல் மணி அடிச்சதும் மைதானம் முழுக்க எல்லாப் பிள்ளைங்களும் நின்னுடும் பாருங்க, அந்த நேரத்துல எது தெக்ளா எது மத்த பிள்ளைங்கன்னு தெரியாது. எல்லாம் ஒண்ணு போலத்தான் நிக்கும். ரெண்டாவது மணி அடிச்சு எல்லாரும் நடந்து போனதுக்கு அப்புறம் மிச்சம் நிக்கிறது தெக்ளா. ஒவ்வொரு நாளும் அந்த ரெண்டாவது மணிக்கு, இன்னிக்கு மிச்சம் ரெண்டா இருந்துடுமோன்னு எண்ணிப் பாத்துக்குவேன்.

இன்னொண்ணும் இருக்கு. அவ கோயிலைப் பாத்து நிக்கிறா, நற்கருணையைப் பாத்து நிக்கிறான்னு சிஸ்டருங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க. கோயில் அவளுக்கு இடது பக்கம். அவ பாத்துக்கிட்டு நின்னது கேட்டை.

தெக்ளாம்மா தினம் வந்தாங்க. தலை நரைச்சுது, பட்டறையில கல்லைப் பாத்துப் பாத்துக் கண்ணுல புரை விழுந்துச்சு, அப்பவும் மத்தியானம் தூக்குவாளியோட வந்துடுவாங்க. மகளுக்கு முன்னால வச்சுத் திறப்பாங்க, ஆறின பிறகு மூடிக்குவாங்க. "தெக்ளா, கண்ணு, புது சிஸ்டர் சொல்றாங்கல்ல, வாடி"ன்னு கெஞ்சுவாங்க. ஒவ்வொரு ஹெட்மிஸ்ட்ரஸ் காலா விழுந்து, "செலஸ்தீன் மதரை ஒரே ஒரு தரம் வரவழைங்க சிஸ்டர்"ன்னு கேப்பாங்க. எல்லாரும் அவங்களை நல்லாத்தான் நடத்துனாங்க, உக்கார நாற்காலி போட்டாங்க, கிறிஸ்மஸுக்குச் சேலை குடுத்தாங்க, புண்ணியவதியைப் பெத்தவங்கன்னு கையைப் பிடிச்சாங்க. பொண்ணைக் குடுங்கன்னா மட்டும் யாருக்கும் காது கேக்கல.

போன வருஷம், இப்ப இருக்கற அமலோற்பவம் சிஸ்டர், தெக்ளாவைச் சுத்தி கெபி கட்டறதுன்னு முடிவு பண்ணாங்க. மாதாவுக்குக் கட்டறோமே, அந்த மாதிரி பாறை வச்சு, முன்னால தடிமனாக் கண்ணாடி போட்டு, பூட்டுப் போட்டு. ஆயர் வந்து மந்திரிக்கறதாப் பேச்சு. தெக்ளாம்மா ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து என்னைக் கூப்பிட்டாங்க.

"செண்பகா, எனக்குக் கண்ணு போயிட்டிருக்குடி. தொட்டுத்தான் பிள்ளையைப் பாக்கறேன். கண்ணாடி போட்டுட்டா நான் எப்படிப் பாப்பேன்? நான் செத்துட்டா அது யாருக்காக நிக்கும்?"

எனக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. விசாரிச்சேன். செலஸ்தீன் மதர் ஆப்பிரிக்காவுல இருந்து எப்பவோ திரும்பி வந்து, திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் சிறுமலை அடிவாரத்துல, வயசான சிஸ்டருங்க இருக்கற மடத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சுது. அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் திண்டுக்கல் பஸ் ஏறினோம். வழி முழுக்க தெக்ளாம்மா மடியில தூக்குவாளி இருந்துச்சு, ஏன்னு நானும் கேக்கல.

மதர் ஒரு ஜன்னலோரமா உக்காந்திருந்தாங்க. ஒரு கைப்பிடி ஆளாச் சுருங்கிப் போயிருந்தாங்க. ஆனா கண்ணு அதே கண்ணு, என்னைப் பாத்ததும் நான் சேலை முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டேன்னா பாத்துக்கங்க.

"ஸ்தோத்திரம் மதர். நான் தெக்ளாவோட அம்மா. அவளைப் போகச் சொல்லுங்க மதர். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அப்புறம், "சொல்லிட்டேனேம்மா"ன்னாங்க.

"என்ன மதர்?"

"அன்னிக்கே சொல்லிட்டேன். ரயிலுக்குக் கிளம்பறப்ப மரத்தடிக்குப் போயி, போதும், வீட்டுக்குப் போன்னு சொன்னேன். போகல. கையைப் பிடிச்சு இழுத்தேன். அப்ப சொன்னா, 'நீங்க நிக்க வச்சதுக்கு நான் நிக்கல மதர். எங்கம்மா நிக்கட்டும்னாங்களே, அதுக்கு நிக்கிறேன்'னு."

எனக்கு வாய் சும்மா இருக்கல. "இதை ஏன் மதர் இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லல?"

"எப்படிச் சொல்வேன்? அகத்தம்மாள்ல ஒரு பிள்ளை என் வார்த்தையை மீறிச்சுன்னு எப்படிச் சொல்வேன்?" மதர் குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க. "கீழ்ப்படிதல்னு அவளுக்கு விழா எடுக்கறாங்கன்னு எழுதினாங்க. அந்த ஸ்கூல்லயே கீழ்ப்படியாத ஒரே பிள்ளை அவதாம்மா."

தெக்ளாம்மா எழுந்துட்டாங்க. மதருக்கு ஒரு கும்பிடு போட்டாங்க, அவ்வளவுதான். திரும்பி வர்ற பஸ்ல தூக்குவாளி மூடியைத் திறந்து திறந்து மூடிக்கிட்டிருந்தாங்க. மணப்பாறை தாண்டினதும், தனக்குத்தானே சொல்லிக்கிற மாதிரி, "அடுப்படி மூலை"ன்னாங்க. அப்புறம் திருச்சி வர்ற வரைக்கும் சத்தமில்லாம அழுதுக்கிட்டே வந்தாங்க.

மறுநாள் மத்தியானம் கண்ணாடி வந்து இறங்கிடுச்சு, வேலையாளுங்க மரத்தடியில சாச்சு வச்சிருந்தாங்க. அமலோற்பவம் சிஸ்டர் முதல் மணி அடிச்சாங்க. மொத்த ஸ்கூலும் நின்னுச்சு. நான் வராண்டாப் படியில ஒரு கால் கீழ ஒரு கால் மேல நிக்கிறேன், டீச்சருக்கும் அதே சட்டம்தான். அப்ப கேட்டுக்குள்ள தெக்ளாம்மா வந்தாங்க. ஆடாம அசையாம நிக்கிற அத்தனை பிள்ளைங்களுக்கும் நடுவுல அவங்க ஒருத்தர் மட்டும், ஒவ்வொரு பிள்ளை தோளையும் தடவித் தடவி, 'நீ இல்ல, நீ இல்ல'ன்னு சொல்லிக்கிட்டே நடந்து வந்தாங்க. அந்தச் செருப்புச் சத்தம் மட்டும்தான் ஸ்கூல்ல கேட்டுச்சு. கடைசியா ஒரு தோளைத் தொட்டு நின்னாங்க.

"நீ அசையலடி." அவங்க குரல் மூணு மாடிக்கும் கேட்டுச்சு. "அன்னிக்கு நீ அசையல. உன் முகத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரியும். என் பிள்ளை பொய் சொல்லாதுன்னு தெரிஞ்சும், அவங்க பெரியவங்க, நம்மளை இரக்கப்பட்டுச் சேத்துக்கிட்டவங்கன்னு பயந்து, உன்னை விட்டுக் குடுத்துட்டுப் போயிட்டேன். இத்தனை வருஷமா வா வான்னு கூப்பிட்டேனே ஒழிய இதைச் சொல்லவே இல்ல பாரு, பாவி நான். சரிடி. அம்மா தப்புதான். வா."

வாதாமரத்துல இருந்து ஒரு பழுத்த இலை விழுந்துச்சு. தெக்ளாவோட நீட்டின கை மெதுவாக் கீழ இறங்கிச்சு.

"கால் வலிக்குதும்மா"ன்னா.

"வலிக்கும்டி. வலிக்காதா பின்ன?"

"சோறு கொண்டாந்தியா?"

தெக்ளாம்மா தூக்குவாளியைத் தூக்கிக் காட்டினாங்க. தெக்ளா அதை வாங்கிக்கிட்டா, அம்மாவோட நரைச்ச தலையை ஒரு தடவை பாத்தா, அம்மாவுக்குக் கண்ணு தெரியலைன்னு புரிஞ்சு கையைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டாவது மணி இன்னும் அடிக்கல. அந்த ஸ்கூலோட சரித்திரத்துல முதல் மணிக்கும் ரெண்டாவது மணிக்கும் நடுவுல ஒரு பிள்ளை நடந்து போச்சுன்னா அது தெக்ளாதான். ரெண்டு பேரும் கேட்டைத் தாண்டிப் போனாங்க, ரோட்டுல ஒரு ஆட்டோவுக்கு வழி விட்டு நின்னாங்க, அப்புறம் வரகனேரிப் பக்கம் திரும்பிட்டாங்க.

அமலோற்பவம் சிஸ்டருக்கு முகம் வெளிறிப் போச்சு. பாய்ஞ்சு போயி ரெண்டாவது மணி அடிச்சாங்க.

யாரும் அசையல.

மறுபடி அடிச்சாங்க. கயித்தைப் பிடிச்சு இழுத்து இழுத்து அடிச்சாங்க. குழாயடியில தண்ணி ஊத்திக்கிட்டே இருந்துச்சு. ஒத்தக்கால்ல நின்ன பிள்ளை ஒத்தக்கால்லயே நின்னுச்சு. சின்னப் பிள்ளைங்க, பெரிய பிள்ளைங்க, டீச்சருங்க, சத்துணவு ஆயா, எல்லாரோட கண்ணும் கேட்டுப் பக்கம் திரும்பியிருந்துச்சு. சிஸ்டர் படியில நின்ன என்கிட்ட வந்து, "செண்பகா மிஸ், நீங்களாவது நடங்க, உங்களைப் பாத்துப் பிள்ளைங்க நடக்கும்"னு கெஞ்சினாங்க. நடக்கணும்னுதான் நினைச்சேன், கால் வரல. எதுக்கு வரலைன்னு எனக்கு நல்லாத் தெரியும். எங்கம்மா வீட்டுல டிவி பாத்துக்கிட்டிருப்பாங்க. லாயக்கில்லாத ஜென்மம்னு சொன்னது அவங்களுக்கு ஞாபகம் கூட இருக்காது.

மணிக் கயித்தை விட்டுட்டு சிஸ்டர் போனை எடுத்தாங்க, ஒவ்வொரு வீடாக் கூப்பிட்டு அம்மாவை வரச் சொல்ல ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நேரத்துல கேட்டுக்கு முன்னால முதல் ஆட்டோ வந்து நின்னுச்சு. யாரோ ஒரு பிள்ளையோட அம்மா, அடுப்பை அணைச்ச கையோட வந்தவங்க போல, ஈரக் கையைச் சேலையில துடைச்சுக்கிட்டே இறங்கினாங்க. கேட்டுக்குள்ள ஒரு எட்டு வச்சு, நிக்கிற எங்க எல்லாரையும் பாத்து, அவங்களும் நின்னுட்டாங்க.

"என்ன சிஸ்டர் சொல்லணும் நான்?"னு கேட்டாங்க.